நெத்தியில பொட்டு வெச்ச கில்லி!

ஹாஸ்டல்ல சேர்ந்த முதல் நாள். "எந்த ஊரு?"னு கேட்டாங்க. "ராஜபாளையம்"னேன். "ஓ... நாய்!" என்றாள் ஒருத்தி. என்னைத் திட்டவில்லை, ஊர்ப் பெருமையைத்தான் சொல்கிறாள் என்று புரியவே எனக்கு ரெண்டு செகண்டு ஆச்சு. பக்கத்துக் கட்டில்காரி ஸ்ரீவில்லிபுத்தூர். அவளுக்குக் கிடைச்ச வரவேற்பு, "ஐ... பால்கோவா!" ஒரே டவுன் பஸ்ல போயிட்டு வர்ற ரெண்டு ஊருக்கு நடுவுல என்ன ஒரு ஓரவஞ்சனை பாருங்க.

நாய்க்கு 2005-லேயே தபால்தலை வந்தாச்சு. பால்கோவாவுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. அதுங்களைப் பத்தி எழுத ஆள் இருக்காங்க. நான் சொல்லப் போறது எங்க ஊர் வாய்க்கால்ல, விரல் நீளத்துல, யாரும் கண்டுக்காம சுத்திக்கிட்டிருந்த ஒரு மீனைப் பத்தி. பேரு... கில்லி!

"விஜய் படமா?"ன்னு கேட்காதீங்க. என் தம்பியும் அதைத்தான் கேட்டான். 2004-ல வந்த படத்தை 2024-ல மறுபடி ரிலீஸ் பண்ணி எல்லாரும் தியேட்டர்ல ஆடினதுல இருந்து அவனுக்கு அது ஒண்ணுதான் கில்லி. இந்தக் கில்லி வேற. டச்சு மொழியில 'கில்' என்றால் ஓடை. ஓடையில வாழற சின்ன மீன், அதனால கில்லி மீன். இங்கிலீஷ்ல கொல்றதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

உலகத்துல ஆயிரத்துக்கும் மேல கில்லி வகை இருக்கு. அதுல ஆப்பிரிக்காக்காரங்கதான் ஸ்டார். மொசாம்பிக், ஜிம்பாப்வே பக்கம் மழைக்கு மட்டும் தேங்குற குட்டைகள்ல ஒரு வகை இருக்கு. பொரிச்சு பதினாலே நாள்ல வயசுக்கு வந்து, முட்டையை சேத்துக்குள்ள விட்டுட்டு, குட்டை காயும்போது செத்துப் போயிடும். முட்டை மட்டும் காய்ஞ்ச மண்ணுக்குள்ள மாசக்கணக்கா தூங்கி, அடுத்த மழைக்கு எழுந்துக்கும். ஒரு முழு வாழ்க்கையையும் நம்ம ஒரு செமஸ்டருக்குள்ள முடிச்சிடற பார்ட்டி! அதனாலதான் முதுமையைப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்க லேப்ல இதை வளர்க்கிறாங்க. மீன் வளர்க்கிற பிரியர்கள் முட்டையை ஈரமான கரிமண்ணுல பொதிஞ்சு தபால்லயே அனுப்பிக்கிறாங்க. கவர்ல மீன் வருது, தண்ணி ஊத்தினா பொரியுது. நம்புங்க.

நம்ம கில்லிக்கு இந்த மேஜிக் எல்லாம் தெரியாது. அது தண்ணி வத்தாத இடமா பார்த்து ரெண்டு மூணு வருஷம் நிதானமா வாழற ஆளு. அறிவியல் பேரு அப்ளோகைலஸ் லைனியேட்டஸ். மேற்குத் தொடர்ச்சி மலையோட ஓடைகள், வாய்க்கால், வயல் ஓரம்னு தென்னிந்தியா முழுக்க உண்டு. இதன் பங்காளிகளை ஃபாரின்ல 'பாஞ்சாக்ஸ்'னு கூப்பிடறாங்க. 1822-ல ஹாமில்டன் என்ற மருத்துவர் கங்கை மீன்களைப் பத்தி எழுதின புஸ்தகத்துல வங்காளத்துக்காரங்க சொன்ன பேரை அப்படியே எழுதி வெச்சதுல வந்த பேர் அது.

ஆளைப் பார்த்தா லேசுல மறக்க மாட்டீங்க. முதுகு பலகை மாதிரி தட்டை. வாய் மேல்நோக்கித் திறக்கும். தண்ணி மட்டத்துக்கு ஒரு நூல் கீழே ஆடாம அசையாம நிக்கும். எறும்பு விழுந்ததா... 'சளக்'! அவ்ளோதான். ஆணுக்கு உடம்பு முழுக்க வரிசை வரிசையா தங்கப் பொட்டு. பெண்ணுக்குக் கறுப்புப் பட்டை, முதுகுத் துடுப்புக்கு அடியில ஒரு கறுப்புப் புள்ளி. ரெண்டுக்கும் பொதுவா உச்சந்தலையில பளீர்னு ஒரு வெள்ளைப் பொட்டு. மேலேருந்து பார்த்தா தண்ணியில மீன் தெரியாது, பொட்டு மட்டும்தான் தெரியும். மலையைத் தாண்டினா மலையாளத்துல இந்தக் கூட்டத்துக்கே 'மானத்துக்கண்ணி'ன்னு பேரு. வானத்தைப் பார்க்கிற கண்ணுக்காரி. மலேசியாவுல இதோட சொந்தக்கார மீனுக்குத் 'தகரத்தலை'ன்னு அர்த்தம் வர்ற பேரு. அழகா பேர் வைக்கிறதுல மலையாளிகளை அடிச்சுக்க முடியாது.

இதெல்லாம் தெரியறதுக்கு முன்னாடியே இந்த மீனை நான் மதுரையில ஒரு கலர் மீன் கடையில பார்த்திருக்கேன். 'கோல்டன் வொண்டர்'னு போர்டு. மஞ்சளா தகதகன்னு இருந்துச்சு. "ஃபாரின் மீனும்மா, ஜோடி இருநூறு" என்றார் கடைக்கார அண்ணாச்சி. தலையில அதே பொட்டு. நம்ம லைனியேட்டஸ்ல மஞ்சளா வந்ததுகளையே தொட்டியில வளர்த்துப் பெருக்கின வகைதான் அது. எங்க ஊரு வாய்க்கால்காரன் மஞ்சள் சட்டை போட்டுக்கிட்டு, ஃபாரின் ரிட்டர்னா எனக்கே விலை சொல்றான்!

சரி, ஊருக்குள்ள வாங்க.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுல இறங்கி மேற்கே பார்த்தா மலை முட்டிக்கிட்டு நிக்கும். முடங்கியாறு ரோட்டைப் பிடிச்சு மலையைப் பார்த்துப் போனா மில்லு, வீடு எல்லாம் குறைஞ்சு தென்னந்தோப்பும் மாந்தோப்பும் ஆரம்பிக்கும். அங்கே ஒரு வாய்க்கால். எந்த வாய்க்கால்னு சொல்ல மாட்டேன். சொன்னா அடுத்த ஞாயித்துக்கிழமையே நீங்க வலையோட வந்து நிப்பீங்க, உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?

போன வருஷம் மே மாசம். வாய்க்கால் வத்தி, மடை பக்கத்துல மட்டும் ஒரு மேஜை அகலத்துக்குத் தண்ணி. தம்பிதான் முதல்ல பார்த்தான். "அக்கா, தண்ணியில வெள்ளைப் புள்ளி நகருது!" துப்பட்டாவை வலையாக்கி ஆறு மீன் பிடிச்சோம். தோப்புல இருந்த நீர்ப்பாய்ச்சி தாத்தா சிரிச்சார். "அது பொடிமீனு பாப்பா. கொக்குகூட சீண்டாது."

வீட்டுல பழைய கண்ணாடித் தொட்டி இருந்துச்சு. ராத்திரி ஆறு மீன் விட்டோம். காலையில எண்ணினா அஞ்சு. ஆறாவது, டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாடி அப்பளமா கிடந்துச்சு. பாடம் ஒண்ணு: கில்லி குதிக்கும். மூடி இல்லாத தொட்டியில விடவே கூடாது. எங்க ஊர்ப் பக்கத்துச் சத்திரப்பட்டிக்காரங்க நெய்யுற பேண்டேஜ் துணி நாடு பூரா ஆஸ்பத்திரிக்குப் போகுது. அதுல ரெண்டு மடிப்பு எடுத்துத் தொட்டி வாயில கட்டினேன். காத்தும் போகும், மீனும் போகாது. 'ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்குடி' என்று அம்மா கமென்ட்.

கைவசம் ரெண்டு ஆண், மூணு பெண். முட்டை போட வைக்கணும். கில்லி கூடு கட்டாது, ஒரே நாள்ல கொட்டவும் செய்யாது. தினம் நாலு, எட்டுன்னு, செடியோட இலையிலயும் வேர்லயும் ஒண்ணொண்ணா ஒட்டிக்கிட்டே போகும். முட்டையில மெல்லிசா பசை நூல் இருக்கும். தொட்டியில செடி இல்லைன்னா நூல்கண்டைத் துடைப்பம் மாதிரி கத்தையா கட்டி, தக்கையில தொங்க விடுவாங்க. உலகம் பூரா கில்லி வளர்க்கிறவங்க பண்றது இதுதான். சாதாரண விஷயம்.

ஆனா நான் பஞ்சு மார்க்கெட் இருக்கிற ஊர்க்காரி ஆச்சே! அப்பா மில்லுல இருந்து கொண்டு வந்த நல்ல பருத்தி நூலையே கட்டினேன். மூணாவது நாள் இருபத்துமூணு முட்டை. கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, கண்ணாடி மாதிரி. அன்னிக்கு நைட்டு தூக்கம் வரல. ஒரு வாரத்துல பருத்தி அழுகி, தொட்டித் தண்ணி நாறி, இருபத்துமூணும் வெள்ளையா பூஞ்சை பிடிச்சு காலி. பருத்தி ஊர்க்காரிக்குப் பருத்தியாலேயே ஆப்பு. அப்புறம் ஃபேன்ஸி ஸ்டோர்ல இருபது ரூபாய்க்கு பச்சை உல்லன் நூல் வாங்கினேன். அது அழுகாது. சாயம் போக வெந்நீர்ல ரெண்டு தடவை அலசிட்டுக் கட்டணும், அவ்ளோதான்.

அடுத்த முட்டைகளை விரலால எடுத்து (உடையாது, தைரியமா எடுக்கலாம்) தயிர் கப்புல தண்ணி ஊத்தி, ஒரே ஒரு துளி மெத்திலீன் ப்ளூ விட்டு வெச்சேன். பெத்தவங்க கண்ணுல பட்டா தின்னுடுவாங்க, அதனால தனிக்குடித்தனம். எட்டாவது நாள் செல்போன் டார்ச்சுல பார்த்தா முட்டைக்குள்ள ரெண்டு கறுப்புக் கண்ணு... என்னையே பார்க்குது! பதிமூணாவது நாள் பொரிஞ்சது. கண் இமை முடி அளவு குஞ்சு. அந்த வயசுலயே தலையில பொட்டு.

பொரிச்சது பெரிய விஷயமில்லைங்க. சாப்பாடு போடறதுதான். முதல் ஒரு வாரத்துக்கு வாய்க்குள்ள போற மாதிரி கண்ணுக்குத் தெரியாத உயிர்தான் வேணும். முட்டைக்கோஸ் இலையைத் தண்ணியில ஊறப்போட்டு மொட்டை மாடியில ஒரு பாட்டில் 'சூப்' தயாரிச்சேன். அதோட நாத்தம் பத்தி அம்மா தனிக் கட்டுரையே எழுதுவாங்க. அப்புறம் அவிச்ச மஞ்சக்கருவை அதே பேண்டேஜ் துணியில பிழிஞ்சு ஊசி முனை அளவு. பெரிய மீனுக்குக் கொசுப்புழு. அதுக்காக மாடியில ஒரு வாளித் தண்ணி திறந்து வெச்சிருந்தேன். ஒரு நாள் டெங்கு ஒழிப்புக்கு வந்த அக்கா வாளிக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "படிச்ச புள்ளதானே நீ?" என்று கேட்ட கேள்வி இருக்கே... நியாயமான கேள்வி. வாளியைக் கவிழ்த்துட்டு, அன்னில இருந்து தினமும் வடிகட்டி எடுத்து, ஒண்ணுகூட கொசுவா மாற விடாம மீனுக்குப் போட்டேன். நீங்க வளர்த்தா வலை போட்டு மூடியே வைங்க.

இன்னொரு கொடுமை: ஒரே நாள்ல பொரிச்ச அண்ணன் தம்பிங்க ஒரே அளவுல வளர மாட்டாங்க. பெரியவன் சின்னவனை முழுங்கிடுவான். முதல் செட்டுல முப்பது, பதினோராயிடுச்சு. டீ வடிகட்டியால தினம் அளவு பிரிக்கக் கத்துக்கிட்டேன். லீவு முடிஞ்சு நான் கிளம்பும்போது தொட்டி, டப், குடம்னு எல்லாத்துலயும் சேர்த்து நாப்பத்தொண்ணு. தம்பிகிட்ட சார்ஜ் ஒப்படைச்சேன்.

அந்த செமஸ்டர்ல எங்களுக்கு நீர்ப்பாசனப் பொறியியல். (நான் சிவில். சொன்னேனா?) இன்டர்னல்ல ஒரு கேள்வி: வாய்க்காலுக்குக் கான்கிரீட் பூச்சு போடுவதன் நன்மைகள் யாவை? மனப்பாடமா எழுதினேன். கசிவு குறையும். தண்ணி வேகமா போகும். கரை அரிக்காது. பராமரிப்புச் செலவு கம்மி. களைச்செடி வளராது. ஃபுல் மார்க்.

டிசம்பர் லீவுல ஊருக்கு வந்த மறுநாளே வாய்க்காலுக்குப் போனேன். கான்கிரீட் போட்டிருந்தாங்க. ரெண்டு பக்கமும் சுவர், அடியில தளம், ரசமட்டம் வெச்ச மாதிரி சுத்தம். சிவில் கண்ணுக்கு உண்மையிலேயே நல்ல வேலை. தண்ணி பாட்டுக்கு ஓடுது. மடை பக்கத்துல மட்டும் கொஞ்சம் தேங்குது, அங்கே சாம்பல் கலர்ல குட்டி மீன் கூட்டமா திரியுது. குனிஞ்சு பார்த்தேன். ஒரு தலையிலயும் பொட்டு இல்லை.

கம்பூசியா. கொசு ஒழிக்க 1928-ல இந்தியாவுக்குக் கொண்டு வந்த அமெரிக்க மீன். பூர்வீகம் அமெரிக்காவோட தெற்குப் பக்கம். இப்ப எல்லா ஊர்லயும் உண்டு. அது முட்டை போடாது, குட்டி போடும். இலை வேண்டாம், வேர் வேண்டாம், உல்லன் நூலும் வேண்டாம். கான்கிரீட் தொட்டிக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி ஒரு மீன். போதாததுக்கு மத்த மீனோட முட்டை, குஞ்சு எல்லாத்தையும் தின்னும்.

அங்கே நின்னப்பதான் எனக்கு உறைச்சது. பழைய மண் கரையில தொங்கிக்கிட்டிருந்த புல்லு, தென்னை வேரு, தண்ணிக்குள்ள மண்டிக் கிடந்த பாசி... அதெல்லாம்தான் கில்லியோட உல்லன் நூல். நான் தொட்டியில கட்டித் தொங்க விட்டதை வாய்க்கால் தானே தொங்க விட்டிருந்துச்சு. 'களைச்செடி வளராது'ன்னு நான் எழுதி ரெண்டு மார்க் வாங்கினது அதைத்தான்.

தாத்தாகிட்ட புலம்பினேன். அவர் என்னை சும்மா விடல. "பாப்பா, முன்னாடி கடைமடைக்குத் தண்ணி போய்ச் சேர ரெண்டு நாளாகும். பாதி மண்ணு குடிச்சிரும். இப்ப ஒரே பகல்ல போகுது. கடைசி வயக்காரன் போன தடவை என்னைத் தேடி வந்து டீ வாங்கிக் குடுத்தான்." அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. இப்பவும் இல்லை.

இந்த மீன் ஒண்ணும் அழியப் போற இனம் இல்லை, அதையும் சொல்லிடறேன். உலகப் பட்டியல்ல 'கவலை குறைவு' என்ற பிரிவுலதான் இருக்கு. பட்டியல் போடறவங்க எங்க தோப்பு வாய்க்காலை எண்ண மாட்டாங்க, அவ்ளோதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமாவது இருக்கான்னு பார்க்கலாம்னு ஹாஸ்டல் கட்டில்காரியைக் கூட்டிக்கிட்டு ஒரு நாள் சுத்தினேன். பஸ்ல போகும்போதே 192 அடி கோபுரம் தூரத்துல இருந்து 'வா, வா'ங்கும். ஆண்டாளைக் கும்பிட்டு, கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிச்சு, பால்கோவா கால் கிலோ வாங்கி (சூடா, இலையில வெச்சுக் கேளுங்க) பென்னிங்டன் நூலகம் வழியா நடந்தோம். 1875-ல ஆரம்பிச்ச நூலகம். அதே 1875-லதான் பிரான்சிஸ் டே என்ற மெட்ராஸ் ராணுவ டாக்டர் எழுதின 'இந்திய மீன்கள்' புஸ்தகமும் பகுதி பகுதியா வர ஆரம்பிச்சது. இலங்கையில இருக்கிற ஒரு கில்லிக்கு அவர் பேரைத்தான் வெச்சிருக்காங்க. ஊசி போடற வேலையைப் பார்த்துக்கிட்டே மீன் எண்ணியிருக்கார் மனுஷன். நாம அசைன்மென்ட்டுக்கே அழறோம்.

பெரியகுளம் கண்மாய்க் கரையில அரை நாள் ஓடிப்போச்சு. பரிசல்ல வலை போட்டுக்கிட்டிருந்த அண்ணன்கிட்ட பொட்டு மீனைப் பத்திக் கேட்டோம். "ஜிலேபி வேணும்னா சொல்லு, கிலோ கணக்குல தர்றேன்" என்றார். ஓரத்துத் தண்ணியில இங்கேயும் அதே கம்பூசியா.

மத்தியானத்துக்கு மேல செண்பகத்தோப்பு. ஊருக்கு மேற்கே மலையடிவாரம். நரை அணில் சரணாலயமா இருந்தது, 2021-ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். உள்ளே மீன்வெட்டிப் பாறைன்னு அருவி இருக்கு. பேரைக் கேட்டதும் எனக்கு ஆசை பிச்சுக்கிச்சு, ஆனா வனத்துறை அனுமதி இல்லாம போக முடியாது. போனாலும் ஒரு மீனைக்கூட எடுக்கக் கூடாது. 1972-ம் வருஷச் சட்டம் புலிக்கு மட்டும் இல்லைங்க, காப்பகத்துக்குள்ள இருக்கிற விரல் நீள மீனுக்கும் சேர்த்துதான். அதனால செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமே, ஓடை ரோட்டைத் தொடுற இடத்துல உட்கார்ந்தோம். பாறை இடுக்குல நிழல். கரையில இருந்து வேர் தண்ணிக்குள்ள தொங்குது. கட்டில்காரி பால்கோவா துணுக்கு ஒண்ணைத் தவற விட்டாள். வேருக்கு அடியில இருந்து மூணு வெள்ளைப் பொட்டு மெதுவா வெளியே வந்துச்சு. பால்கோவாவை மோந்து பார்த்துட்டு, வேண்டாம்னு திரும்பிப் போயிடுச்சுங்க. "ஸ்ரீவில்லிபுத்தூர் மீனுக்கே பால்கோவா பிடிக்கலையா!" என்று அவளுக்கு ஒரே அவமானம்.

இங்கே பிடிச்சு அங்கே விட்டா என்ன என்று கேட்பீங்க. இல்லைன்னா, மாடியில இருக்கிற நாப்பத்தொண்ணையும் வாய்க்கால்ல கொட்டலாமேன்னு. என் தம்பி பக்கெட்டோட ரெடியாவே இருந்தான். நான்தான் தடுத்தேன். முதல் விஷயம், தொட்டியில வளர்ந்த மீன் என்ன நோயைத் தூக்கிட்டுப் போகும்னு வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. ரெண்டாவது, நாப்பத்தொண்ணும் அஞ்சே மீனோட பிள்ளைங்க. இதை எங்க ஊர்ல நாய் வளர்க்கிற எந்தப் பெரியவர்கிட்ட வேணும்னாலும் கேளுங்க. சொந்தத்துக்குள்ளேயே ஜோடி சேர்த்துக்கிட்டே போனதுல ராஜபாளையம் நாய்ல குட்டி காது கேட்காமப் பிறக்கிற கதை அவங்களுக்கு அத்துப்படி. மூணாவது, இலையும் வேரும் இல்லாத வாய்க்கால்ல விட்டா அந்த மீன் வாழும். முட்டையை எங்கே ஒட்டும்?

தாத்தாதான் ஒரு நாள் கூப்பிட்டுக் காட்டினார். கான்கிரீட் வேலை மேல் வளைவோட நின்னிருக்கு. அதுக்கு மேல நாப்பதடி தூரம் பழைய மண் கரை. குப்புறப் படுத்து அரை மணி நேரம் பார்த்தேன். ரெண்டு பொட்டு. கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு. ஆக, மீன் போகலை. வளைவுக்கு மேல ஒதுங்கி நிக்குது. கீழே வர்றதுக்கு அதுக்குக் காரணம் இல்லை, அவ்ளோதான்.

அப்பத்தான் தென்னை நார் ஐடியா வந்துச்சு. தோப்புல நாருக்கா பஞ்சம்? உல்லன் நூல் மாதிரியே முழ நீளத்துக்குக் கத்தை கட்டி, ரெண்டு வாரம் ஊறப்போட்டுச் சாயத்தண்ணியை வடிச்சு, வளைவுக்குக் கீழே, கான்கிரீட் ஆரம்பிக்கிற இடத்துல, மடையோட ஓரத்துல தண்ணி சுழிச்சு நிக்கிற மூலையில தொங்க விட்டோம். தண்ணி ஓட்டத்தை மறிக்கக் கூடாதுன்னு நீர்ப்பாய்ச்சி தாத்தா கண்டிஷன். மானிங் ஃபார்முலாவுல நார்க்கத்தைக்கு என்ன மதிப்பு போடணும்னு யாராவது சீனியர் சொன்னா புண்ணியமாப் போகும்.

முதல் கத்தை ரெண்டே நாள்ல அடிச்சிட்டுப் போயிடுச்சு. ரெண்டாவதுல முட்டைக்குப் பதிலா பிளாஸ்டிக் கவரும், ஒரு குழந்தைச் செருப்பும் மாட்டியிருந்துச்சு. பொங்கல் லீவுல மூணாவதைக் கல்லு கட்டி, தாத்தா முடிச்சுல இறுக்கிட்டு ஹாஸ்டலுக்குக் கிளம்பினேன்.

நாப்பத்தொண்ணும் எங்க வீட்டு மாடியிலதான் இருக்கு. இப்ப அதுங்களுக்கே பேரன் பேத்தி வந்தாச்சு. பத்து மட்டும் தாத்தாவோட தோப்புச் சிமென்ட் தொட்டியில கொசுப்புழு தின்னுக்கிட்டிருக்கு. அது வாய்க்காலோட சேராத தொட்டி.

ஜனவரி கடைசி ஞாயிறு, சாயங்காலம். மெஸ்ல சப்பாத்திக்கு க்யூவுல நிக்கும்போது தம்பி வீடியோ கால். தாத்தா கத்தையைத் தண்ணிக்கு மேல தூக்கிப் பிடிக்கிறார், தம்பி டார்ச் அடிக்கிறான். "கிட்டக் காட்டுடா... இன்னும் கிட்ட..." நாருக்கு நடுவுல, கடுகைவிடக் கொஞ்சம் பெரிசா, கண்ணாடி மாதிரி. ஒண்ணு. ரெண்டு. எண்ணி முடிச்சா ஏழு. அதுல ஒண்ணுக்கு உள்ளே ரெண்டு கறுப்புக் கண்ணு.

"சீக்கிரம் தண்ணிக்குள்ள விடச் சொல்லுடா!"ன்னு நான் கத்தின கத்துல க்யூவே திரும்பிப் பார்த்துச்சு. கத்தை உள்ளே போச்சு. ஸ்க்ரீன்ல வெறும் தண்ணியும், தாத்தாவோட குரலும்தான்.

"பாப்பா... நாரு நெறைய கெடக்கு. இன்னும் ரெண்டு கட்டட்டுமா?"